சாரலுக்கு முக்காடு

தென்காசி,
12-7-1957

கொழுந்தியா கோமதிக்கு,

அத்தான் நாறும்பூநாதன் எழுதுதது. இங்க நானும் உங்க அக்கா உலகம்மையும் சுகம். எனக்கு முழங்கால் சுகமில்ல, அவளுக்கு நான் சுகமில்ல, மத்தபடி சுகம். நீ, உன் மவன் சிவனணைந்தபெருமாள், மருமவ, பேத்தி எல்லாரும் எப்படி இருக்கியன்னு எழுது. கொழும்புத் தேங்காயத் தின்னு தின்னு நீ உருண்டு போயிருப்பேன்னு உங்க அக்கா சொல்லுதா. நான் சொல்லல.

சீசன் வந்தாச்சு. குத்தாலத்துல கால் வைக்க இடமில்ல. கோயில் வாசல்ல போட்டாக்கடை வச்சிருக்க துல்கர்னைன் இந்த வருசமும் பேரருவிக்கு எதுக்க ஓலைக் கொட்டாய் போட்டு உக்காந்துட்டான். குளிச்சிட்டு வாரவனை நிறுத்திப் படம் எடுத்தமா, குடுத்தமான்னு இருக்க மாட்டான். சினிமாக் கிறுக்கு. ஓடுத சினிமா இல்ல. ஒரு முழுக் கதைய ஒரே படத்துக்குள்ள அடைக்கணும் அவனுக்கு. அதுக்கு ஆளு வேணும்லா? சின்ன வயசுல நாடகத்துல ஸ்திரீபார்ட் கட்டின முகம்னு சொல்லி என்னையப் பிடிச்சு வச்சிருக்கான். போன வாரம் ஐந்தருவிப் பாறைல நான் மகளைத் தொலைச்ச அப்பன். காலைல பத்து மணில இருந்து மூணு மணி வரைக்கும் தொலைச்சுக்கிட்டே இருந்தேன். இடுப்பு விட்டுப் போச்சு. அந்தப் படம் கல்கத்தாவுல ஏதோ போட்டாக் கண்காட்சிக்குப் போயிருக்கு.

நீ கேட்டுக்கிட்டே இருந்தியே, அக்கா போட்டா. பிடிச்சாச்சு! போட்டா பிடிச்சா ஆயுசு குறையும்னு ஓடி ஒளிஞ்சவள, சாரல்ல தனியா நிறுத்தி எடுத்தாச்சு. நானும் பக்கத்துல நிக்கட்டான்னு கேட்டேன். நீரு நின்னா படம் கெட்டுப்போவும்னுட்டா. கண்ணாடி போட்டுச் செவுத்துல மாட்டியிருக்கு. உனக்கு ஒண்ணு கழுவிக் குடுத்ததும் அனுப்புதேன்.

இப்படிக்கு,
உன் ஒரே அத்தான். வேற இல்லாததால நல்லவன்.

*

கொழும்பு,
3-8-1957

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

கோமதி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உருண்டுதான் போயிருக்கிறேன், அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அக்காவா போட்டோவுக்கு நின்றாள்? என் கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஆள் வந்தபோது அடுப்படியில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள். என்ன சொல்லி நிறுத்தினீர்கள்? எந்தச் சேலை கட்டியிருந்தாள்? நாற்பத்தாறில் ஊருக்கு வந்தபோது நான் கொடுத்தேனே, பச்சைச் சேலை, அதுவா?

அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை. பதினோரு வருஷம். இப்போது பாஸ்போர்ட், விசா என்று ஆயிரம் தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். என் பேத்தி மங்களேஸ்வரி, 'பெரிய ஆச்சி எப்படி இருப்பாங்க?' என்று கேட்கிறாள். படம் வருகிறது, காட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சீக்கிரம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கோமதி

*

தென்காசி,
20-10-1957

கோமதிக்கு,

அத்தான் எழுதுதது. முழங்கால் வலி இடுப்புக்கு ஏறியாச்சு. இன்னும் கொஞ்சம் ஏறினா தலை வழியா வெளிய போயிரும்னு காத்திருக்கேன்.

போட்டா அனுப்பல, கோவிச்சுக்காத. துல்கர்னைன் ஒண்ணு கழுவினான், மங்கிட்டு. அடுத்து ஒண்ணு கழுவினான், அதுல அக்காளுக்கு மூக்கு தெரியல. மூக்கில்லாம அனுப்புனா உங்க குடும்பத்துக்கு அடையாளமே போயிருமேன்னு நான்தான் வேண்டாம்னேன். சேலை பச்சையான்னு கேட்டிருக்க. போட்டாவுல எல்லாச் சேலையும் கருப்புதான்.

அக்காளுக்கு ஒரு மாசமா இருமல். கசாயம் குடிக்கா. இப்பம் பக்கத்துல படுத்துக்கிட்டே, "அந்தப் பிள்ளைக்கு என்னத்தப் பொய் எழுதுதீரு?"ன்னு கேக்கா. உண்மையத்தான் எழுதுதேன்னு எழுதுதேன்.

இப்படிக்கு,
அத்தான்

*

தென்காசி,
1-3-1958

கோமதி,

தந்தி கிடைச்சிருக்கும். எட்டு வார்த்தைக்குள்ள எழுதும்னு தபாலாபீஸ்ல சொன்னாவ. 'அக்கா போயிட்டா'ன்னு ரெண்டு வார்த்தைல முடிஞ்சு போச்சு. மிச்சம் ஆறு வார்த்தைக்கு என்னத்த எழுதன்னு தெரியாம நின்னுக்கிட்டே இருந்தேன்.

இருமல்தான். வேற ஒண்ணும் இல்ல. செவ்வாக்கிழமை காலைல வெந்நி கேட்டா. கொண்டு போனேன்.

நீ வந்திருவேன்னு நெனச்சு ஒரு நாள் வச்சிருந்தோம். அப்புறம் முடியாதுன்னுட்டாவ.

நாறும்பூநாதன்

*

கொழும்பு,
30-3-1958

அத்தான் அவர்களுக்கு,

விசா பதினாறாம் நாள் கழிந்த பிறகு வந்தது. இனி வந்து யாரைப் பார்க்க? திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, யார் சமைக்கிறார்கள், எழுதுங்கள்.

அம்மா செத்து, எட்டு வயதில் அக்காவின் இடுப்புச் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் வீட்டுக்குள் வந்தேன். உங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை நான்தான் தீர்த்தேன் என்று அவள் சொல்லுவாள். எனக்கு அவள் அக்கா இல்லை. உங்களுக்குத் தெரியும்.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லவில்லை. அவள் குரல் எனக்கு வருகிறது. கை வருகிறது. முகம் வரமாட்டேன் என்கிறது. கண்ணை மூடினால் கண்ணாடியில் பார்க்கிற என் முகம்தான் வந்து நிற்கிறது. பெற்றவள் முகமும் நினைவில் இல்லை. இவளையும் விட்டுவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

வேறு படம் கழுவ வேண்டாம். சுவரில் இருப்பதைக் கழற்றி அனுப்பிவிடுங்கள். முப்பத்தொன்பது வருஷம் பார்த்தவர் நீங்கள், உங்களுக்கு மறக்காது. எனக்குத்தான் வேண்டும்.

கோமதி

*

தென்காசி,
18-6-1958

குத்தாலத்துல கொட்டாய் போட்டிருக்க தம்பி துல்கர்னைனுக்கு,

மூணு மைலுக்குக் கடுதாசியான்னு சிரிக்காதியும். முழங்கால் சம்மதிக்கல. கார்டுல எழுதுனா போஸ்ட்மேன் முத்துக்குமாரசாமி படிச்சிட்டுப் பஜார் பூராச் சொல்லிருவான்னு கவர்ல எழுதுதேன்.

ஒரு பொய் சொல்லிட்டேன் வே. என் கொழுந்தியா கொழும்புல இருக்கா. அக்கா படம் வேணும் வேணும்னு கேட்டா. நீரு எடுத்த மாதிரி, செவுத்துல மாட்டின மாதிரி விளையாட்டுக்கு எழுதிட்டேன். எப்படியாவது ஒரு நாள் உலகம்மைய ஏமாத்தி உம்ம பெட்டிக்கு முன்னால நிறுத்திரலாம், பொய் உண்மையாயிரும்னு கணக்கு. அவ முந்திக்கிட்டா. செவுத்துல ஆணி மட்டுந்தான் இருக்கு.

மூணு மாசமா அவளுக்குப் பதில் போடல. இல்லைன்னு எழுதப் பேனாவ எடுப்பேன். அந்தப் பிள்ளை அக்கா முகமே மறந்து போச்சுன்னு எழுதியிருக்கா. அவகிட்டப் போயி எப்படிச் சொல்ல? இல்லாத கதைய எல்லாம் படமா எடுக்கீரே, செத்தவள எடுக்க வழி இருக்கா?

நாறும்பூ

*

குற்றாலம்,
21-6-1958

மரியாதைக்குரிய அண்ணாச்சிக்கு,

துல்கர்னைன் சலாம். கவர் கிடைத்தது. சிரிக்கவில்லை.

செத்தவரை எடுக்க வழி இல்லை. ஆனால் ஒன்று செய்யலாம். சீசன் சாரலில், அருவிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு அம்மாவை நிறுத்துவோம். பின்னால் சாம்பிராணிப் புகை போட்டால் அருவிப் புகையோடு கலந்துவிடும். வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும். தலைக்குச் சேலையை இழுத்துப் போட்டுவிட்டால் முகத்தில் கால்வாசிதான் தெரியும். பாம்படம் போட்டுத் தொங்கும் உங்கள் வீட்டம்மாவின் காது நிற்கிறவருக்கு இருக்காது. அதுவும் முக்காட்டில் மறைந்துவிடும். சாரலில் நிற்கிறவள் முக்காடு போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

முகம் எனக்கு வேண்டாம். நிற்கிற விதம் வேண்டும். அந்த அம்மா மாதிரியே நிற்கத் தெரிந்த ஒரு ஆளைச் சொல்லுங்கள். யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் தோன்றுகிறது. மீசையை மட்டும் எடுக்க வேண்டியிருக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

துல்கர்னைன்

*

தென்காசி,
9-7-1958

தம்பி துல்கர்னைனுக்கு,

உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. பஸ்ஸ விட்டு எறங்கி வீடு வாரதுக்குள்ள ரெண்டு தரம் உக்காந்தேன். சன்னதி பஜார்ல ஒருத்தன், "அண்ணாச்சி, மீசைய எந்த அருவி அடிச்சிட்டுப் போச்சு?"ன்னு கேட்டான். ஐந்துல ஒண்ணுன்னு சொல்லிட்டு வந்தேன். நாடகத்த விட்டுட்டு அவளைக் கட்டினப்போ, பொம்பளை மாதிரி இருக்கீருன்னு கேலி பண்ணினா. அதுக்காக வளத்த மீசை. அவளுக்காகவே போச்சு, போவட்டும்.

மத்த படத்துக்கெல்லாம் நீரு நில்லுன்னா நிப்பேன், அழுன்னா அழுவேன். நேத்து அப்படி இல்ல. பெட்டியத் தெறந்து கோமதி குடுத்த பச்சைச் சேலைய எடுத்தேன். மடிப்புக் கலையாம இருக்கு. ஒரு நாள்கூடக் கட்டல அவ. பின்கொசுவம் வச்சு நானே கட்டுனேன், கை மறக்கல. நீரு கருப்புத் துணிக்குள்ள தலைய விட்டுட்டு, "அண்ணாச்சி, நடிக்காதீங்க"ன்னு கத்தினீரே, அப்பந்தான் எப்படி நிக்கன்னு தெரியாமப் போச்சு. சும்மா நின்னேன்.

ரெண்டாவது பிளேட்டு மாத்தும்போது சிவகிரிக்காரி ஒருத்தி குளிக்க வந்தாளே, நீரு பாத்திருக்க மாட்டீரு. "ஏ ஆச்சி, பாறை வழுக்கும், பாத்து நில்லுங்க"ன்னு வந்து என் கையப் பிடிச்சா. நான் வாயத் தெறக்கல. தெறந்தா ஆம்பளக் குரல் காட்டிக் குடுத்திரும். தலைய மட்டும் ஆட்டினேன். பிடிச்ச கைய அவ விட ரொம்ப நேரமாச்சு.

உலகம்மை போட்டாவுக்குத்தான் வரமாட்டா. அருவிக்கு வந்திருப்பா. வருசா வருசம் கேட்டா. உம்மகூட நித்தம் வந்து நின்னேன், அவள ஒரு நாள் கூட்டிட்டு வரல. மூணு மைலு.

படத்தக் கல்கத்தாவுக்கு அனுப்பட்டான்னு கேட்டீரு. வேண்டாம் தம்பி. ஒண்ணே ஒண்ணு கழுவிக் குடும். பிளேட்ட உடைச்சுப் போடும்.

நாறும்பூ

*

தென்காசி,
25-7-1958

கோமதிக்கு,

அத்தான் எழுதுதது. சுகம். நானே சோறு வைக்கேன். நாலு மாசம் பதில் போடாததுக்கு உடம்புதான் காரணம்.

நீ கேட்ட படத்தச் செவுத்துல இருந்து கழட்டி இத்தோட அனுப்பியிருக்கேன். போன வருசம் சாரல்ல எடுத்தது. தூறலுக்குத் தலைய மூடிக்கிட்டா, அதனால முகம் சரியா விழல. அவ குத்தம் இல்ல. பத்திரமா வச்சுக்கோ. வேற இல்ல.

அத்தான்

*

கொழும்பு,
2-10-1958

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

கோமதி வணங்கி எழுதுவது. பேத்திக்கு அம்மை போட்டிருந்தது, தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று. மற்றவர்கள் சுகம். பதில் எழுத இரண்டு மாதம் ஆனது அதனால் அல்ல.

சிவனணைந்தபெருமாள்தான் தபாலைப் பிரித்தான். "அம்மா, பெரியம்மா படம் வந்துட்டு" என்று ஓடி வந்தான். நான் பார்த்தேன். அத்தான், மீசையை எடுத்துவிட்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? உங்கள் தாடையைத் தூரத்தில் வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். எட்டு வயதில் இருந்து அதைப் பார்த்துப் பயந்தவள். அக்கா போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். மருமகள் அடுப்படியில் இருந்து வந்து எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே அழுதேன், அவள் பயந்துபோனாள்.

அப்புறம் கோபம் வந்தது. ஒரு வாரம் படத்தைத் தலையணைக்கு அடியில் போட்டு வைத்தேன். இப்படி ஏமாற்றுவாரா ஒருவர் என்று. இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று.

பிறகு ஒரு மத்தியானம் எடுத்துப் பார்த்தேன். அக்காவுக்கு இவ்வளவு பெரிய மூக்கு கிடையாதே என்று தோன்றியது. அவள் மூக்கு நுனியில் கொஞ்சம் தூக்கியிருக்கும். தாடை இப்படி இல்லை, குழந்தை மாதிரி இருக்கும். நெற்றி இதைவிடச் சின்னது. புருவம் இரண்டும் நடுவில் லேசாகச் சேரும். இப்படி ஒவ்வொன்றாக இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் பார்த்தால் அக்கா முகம் முழுசாக எனக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு போகவே இல்லை. நிஜப் படம் வந்திருந்தால் சும்மா பார்த்துவிட்டு மாட்டியிருப்பேன்.

ஆனால் கையை மட்டும் என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இடது கையில் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டு நிற்கிறீர்கள். அக்கா அப்படித்தான் நிற்பாள். சின்ன வயதில் அந்த விரலை வெளியே இழுப்பதுதான் எனக்கு விளையாட்டு. அவள் அப்படி நிற்பாள் என்பது உங்களுக்குத் தெரியுமா, தெரியாமலே உங்களுக்கு வந்துவிட்டதா?

கரையைப் பார்த்தால் நான் கொடுத்த சேலைதான். அதில் மடிப்புக் கோடு தெரிகிறது. அவள் அதைக் கட்டவில்லை என்று தெரிந்துகொண்டேன். பரவாயில்லை, நீங்களாவது கட்டினீர்களே.

ஒரு தப்பு மட்டும் செய்துவிட்டீர்கள். அக்கா சாரலுக்கு முக்காடு போட்டவளா? இலத்தூர் வயல் வரப்பில் நனைந்துகொண்டே போவாளே. நான் அவள் சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுவிட்டால், "எடுட்டி அதை! தாலி கட்டினவன் குத்துக்கல்லா இருக்கையில எனக்கு எதுக்குட்டி முக்காடு?" என்று தட்டிவிடுவாள். அந்த முக்காடு அவளுடையது இல்லை, அத்தான். அது உங்களுடையது. ஆம்பளைகளுக்கு ஊரில் யாரும் போட்டுவிடுவதில்லை, அவ்வளவுதான்.

மகனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் ஒரு சங்கடம் நடந்துபோயிற்று. அவன் படத்தைச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, சந்தன மாலை போட்டுவிட்டான். பொட்டும் வைத்துவிட்டான். உயிரோடு இருக்கிறவருக்கு மாலை போட்டு வைத்திருப்பது எனக்கு மனசுக்குச் சரியாக இல்லை. இறக்கிவிடட்டுமா? எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோமதி

*

தென்காசி,
20-10-1958

கோமதிக்கு,

மாலை மரியாதையோட இருக்க அத்தான் எழுதுதது. பேத்தி தேறினது சந்தோசம். என் முழங்காலுக்கு இப்பம் துணைக்குக் கண்ணும் சேந்துக்கிட்டு. இந்த ஒரு பக்கத்த எழுத ரெண்டு நாளாச்சு.

உன் கடுதாசிய வாசிச்சுட்டு என் கையப் பாத்தேன். கட்டைவிரல் உள்ளதான் இருந்துச்சு. எப்பம் போச்சுன்னு தெரியல. வெளிய எடுத்து விட்டேன். பேசாம இருந்தா மறுபடி உள்ள போயிருது.

முக்காடு விசயம் எனக்குத் தெரியாது. அவ நனைஞ்சு நான் பாத்தது கம்மி. நீ சொன்னதுக்கு அப்புறம் துல்கர்னைன் கடைக்குப் போய், பிளேட்ட உடைச்சிட்டீரான்னு கேட்டேன். முழிச்சான் கள்ளன். உடைக்கல. நல்லதாப் போச்சு, வச்சிரும்னேன். கல்கத்தாவுக்கு அனுப்பட்டான்னான். படத்துக்கு என்ன பேரு வைப்பீருன்னு கேட்டேன். 'மனைவி'ன்னான். 'புருசன்'னு வச்சா அனுப்பும்னேன். சரின்னுட்டான்.

மாலைய எறக்காண்டாம். வீட்டுல செவுத்துல ஆணி சும்மா இருக்கதப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு. அங்கயாவது தொங்கட்டும். நாளைக்கு உனக்கு இங்கருந்து இன்னொரு தந்தி வந்தா, படத்துக்கு எங்கன போவேன்னு அலையாத. புதுசா ஆணி அடிக்காத. மாலை ரெண்டு பேருக்கும் போதும். பொட்டும் இருக்கட்டும். நாடகத்த விட்டதுக்கு அப்புறம் எனக்கு யாரும் பொட்டு வச்சதில்ல.

மீசை மறுபடியும் மொளச்சுச்சு, முழுக்க வெள்ளை. நேத்துச் சிரைச்சுட்டேன். இனிமே வளக்கதா இல்ல. நீ திரும்பவும் முகத்த மறந்துட்டேன்னா, இன்னொரு தரம் போயி நிக்கணும்லா.

இப்படிக்கு,
செவுத்துல இருக்கவ